லாராவெலில் ‘கேஷ் கிளியர்’: எதை அழிக்கிறோம், எது மிஞ்சுகிறது

இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் வேலை நடக்கும் எந்த அலுவலகத்திலும் தினமும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “கேஷ் கிளியர் பண்ணிப் பார்த்தீங்களா?” தளத்தில் பழைய விலையே காட்டுகிறதா, கேஷ் கிளியர் பண்ணு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியதும் தளம் படுத்துவிட்டதா, கேஷ் கிளியர் பண்ணு. புதிதாகச் சேர்த்த பக்கம் 404 (அப்படியொரு பக்கம் இல்லை) என்கிறதா, அதற்கும் அதே மருந்து. மின்னஞ்சலின் தலைப்பு வரியைத் திருத்திய பிறகும் பழைய தலைப்போடேயே போகிறதா, மறுபடியும் அதே மருந்துதான்.

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களில் நடக்கிற கோளாறுகள். ஒன்றைத் தீர்க்கும் கட்டளை இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது. பிஎச்பியில் தளம் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளம், அதாவது ஃபிரேம்வொர்க், ஒன்றின் பெயர் லாராவெல். அதில் ‘கேஷ்:கிளியர்’ என்றொரு கட்டளை இருப்பதால், அதை ஓட்டினால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன நான்கில் அது தீர்ப்பது முதலாவதை மட்டும்தான். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். அப்புறம் யாராவது சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள், ஏதோ ஒன்று சரியாகும், எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

பிஎச்பி ஃபிரேம்வொர்க்குகளில் இங்கே அதிகம் புழங்குவது லாராவெல் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். சிம்ஃபோனி போன்றவற்றில் கட்டளைகளின் பெயர் மாறும், அடிப்படை இதேதான்.

## பலகையில் எழுதிய விலை

நகைக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கம் விலை காலையில் ஒரு முறை மாறும், பல நாட்களில் மாலையில் இன்னொரு முறையும் மாறும். வருகிறவர் ஒவ்வொருவரும் “இன்னைக்கு கிராம் என்ன?” என்று கேட்கும்போதெல்லாம் கடைக்காரர் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. காலையில் ஒரு முறை விசாரித்து, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் எழுதிவிடுவார். கேட்பவர்களுக்குப் பலகையைக் காட்டினால் போதும்.

அந்தப் பலகைதான் கேஷ். திரும்பத் திரும்பத் தேவைப்படும் ஒரு விடையை, ஒவ்வொரு முறையும் மூலத்தில் போய்க் கேட்காமல், கைக்கெட்டும் இடத்தில் எழுதி வைத்திருக்கும் நகல். மூலம் மாறிய பிறகும் நகல் மாறாமல் இருந்தால் அதைப் பழைய கேஷ் என்கிறோம். கேஷ் கிளியர் என்பது பலகையை ஈரத் துணியால் துடைப்பது. துடைத்தால் விலை மாறிவிடாது. அடுத்து ஒருவர் கேட்கும்போது பலகை காலியாக இருக்கும், கடைக்காரர் மறுபடி போன் போட்டு எழுதியாக வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை எல்லோருக்கும் புரியும். சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அந்தக் கடையில் விலை ஒரே இடத்திலா எழுதப்பட்டிருக்கிறது? பில் போடும் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு முறை ஏற்றியிருப்பார்கள். மாடியில் நிற்கும் விற்பனையாளர் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார். காலையில் வந்து போன வாடிக்கையாளர் பலகையைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். கீழே பலகையைத் துடைத்தால் இதில் எதுவும் மாறாது. சீட்டை அதை வைத்திருப்பவர்தான் கிழிக்க வேண்டும். வாடிக்கையாளரின் போனில் இருக்கும் படத்தைக் கடைக்காரர் அழிக்கவே முடியாது.

ஆக, பழைய தகவல் கண்ணில் பட்டால் கேட்க வேண்டியவை இவை: இந்த நகலை வைத்திருப்பது யார்? அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா? இல்லையென்றால் அதைத் துடைக்கும் அதிகாரம் எந்தக் கட்டளைக்கு இருக்கிறது?

## பிஎச்பிக்கு இத்தனை நகல் எதற்கு

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995-இல் பொதுவில் வெளியிட்ட காலத்திலிருந்தே பிஎச்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத்துக்கான கோரிக்கை வந்தால் வெறுமையிலிருந்து தொடங்கும், பக்கத்தைக் கொடுத்து முடித்ததும் நினைவில் இருந்த எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த கோரிக்கைக்கு மறுபடி முதலிலிருந்து. சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகளுக்கு இது வசதி. ஒரு கோரிக்கையில் நடந்த குளறுபடி அடுத்ததைத் தொற்றாது.

ஃபிரேம்வொர்க் வந்ததும் கதை மாறுகிறது. டெய்லர் ஆட்வெல் 2011-இல் வெளியிட்ட லாராவெல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னேற்பாடாக நிறைய வேலை செய்கிறது. ‘கான்ஃபிக்’ அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்புகளை எல்லாம் படிக்க வேண்டும். எந்த முகவரிக்கு எந்தக் கோடு (நிரல் பகுதி) ஓட வேண்டும் என்ற பட்டியலை உருவாக்க வேண்டும். பிளேடு என்ற டெம்ப்ளேட் மொழியில் எழுதிய பக்கங்களைச் சாதாரண பிஎச்பியாக மாற்ற வேண்டும். ஆயிரம் பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் இத்தனையும் ஆயிரம் முறை, ஒவ்வொரு முறையும் அதே விடையோடு. இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கத்தான் லாராவெல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நகலை வைத்துக்கொள்கிறது.

அவற்றில் அதிகம் தொல்லை கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

## கான்ஃபிக் கேஷ்

லாராவெல் திட்டத்தின் வேர் அடைவில் ‘.என்வ்’ என்றொரு சிறிய கோப்பு இருக்கும். டேட்டாபேஸ் பெயர், பாஸ்வேர்டு, மின்னஞ்சல் சர்வர் என்று இடத்துக்கு இடம் மாறும் விவரங்கள் அதில்தான். ‘கான்ஃபிக்’ அடைவில் இருக்கும் கோப்புகள் அந்த மதிப்புகளை வாங்கி முறைப்படுத்துகின்றன.

‘கான்ஃபிக்:கேஷ்’ என்ற கட்டளையை ஓட்டினால், லாராவெல் இவை அனைத்தையும் ஒரு முறை படித்து, கிடைத்த இறுதி மதிப்புகளை ஒரே பெரிய வரிசையாக்கி, ‘பூட்ஸ்டிராப்/கேஷ்’ அடைவுக்குள் ‘கான்ஃபிக்.பிஎச்பி’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பு இருக்கிறவரை ‘.என்வ்’ கோப்பை அது திறக்கவே திறக்காது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம், சேமிக்கலாம், பத்து முறை பக்கத்தைப் புதுப்பிக்கலாம். லாராவெலைப் பொறுத்தவரை அப்படியொரு மாற்றம் நடக்கவே இல்லை. இந்த நகலுக்குக் காலாவதி கிடையாது. மூலக் கோப்பு மாறியிருக்கிறதா என்ற சோதனையும் கிடையாது.

இதை அழிக்க ‘கான்ஃபிக்:கிளியர்’. அது செய்வது அந்த ஒரு கோப்பை நீக்குவதுதான். புது மதிப்போடு நகலைத் திரும்ப எழுத ‘கான்ஃபிக்:கேஷ்’ என்பதையே மறுபடி ஓட்டினாலும் போதும். அது முதலில் பழையதை நீக்கிவிட்டுத்தான் எழுதும். முதலில் கிளியர், அப்புறம் கேஷ் என்று இரண்டையும் வரிசையாக ஓட்டுவது ஒரு சடங்கு. தப்பில்லை, தேவையுமில்லை.

அந்தக் கோப்பை ஒரு முறையாவது எடிட்டரில் திறந்து பாருங்கள். இரண்டு விஷயம் கண்ணில் படும். முதலாவது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாக எழுதியிருக்கும். இரண்டாவது, கோப்புகளின் முழுப் பாதைகள் அப்படியே பதிந்திருக்கும். விண்டோஸில், சொந்தக் கம்ப்யூட்டரிலேயே தளத்தை ஓட்ட உதவும் ஸாம்ப் வைத்து வேலை செய்பவராக இருந்தால், ‘சி’ டிரைவில் தொடங்கி ‘ஹெச்டிடாக்ஸ்’ வழியாகப் போகும் பாதை அங்கே இருக்கும். சரி, இப்போது திட்டத்தை முழுசாக ஜிப் செய்து லினக்ஸ் சர்வரில் ஏற்றுகிறீர்கள். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து பகிரும் கிட் என்ற கருவி வழியாகப் போயிருந்தால் இந்தக் கோப்பு போயிருக்காது, அதைத் தவிர்க்கும் ஏற்பாடு லாராவெலிலேயே இருக்கிறது. ஜிப்பில் அது கூடவே வந்துவிடும். சர்வரில் இல்லாத ‘சி’ டிரைவைத் தேடித் தளம் விழும். பிழைச்செய்தியில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பாதை தெரிந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

கூடவே வரும் இன்னொரு பொறி: நிரலின் நடுவே எங்காவது ‘என்வ்’ என்ற ஃபங்ஷனை நேரடியாக அழைத்து மதிப்பைக் கேட்டிருந்தால், கான்ஃபிக் கேஷ் போட்டதும் அங்கே வெறுமை வரும். ‘.என்வ்’ கோப்பு படிக்கப்படாதபோது அதிலிருந்து மதிப்பு எப்படி வரும்? உள்ளூரில் கேஷ் போடாததால் வேலை செய்யும், லைவ் சர்வரில் போட்டதும் உடையும். அதனால்தான் ‘என்வ்’ அழைப்பு ‘கான்ஃபிக்’ அடைவுக் கோப்புகளுக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்று லாராவெல் ஆவணங்கள் சொல்கின்றன. மற்ற இடங்களில் ‘கான்ஃபிக்’ என்ற ஃபங்ஷன் வழியாகக் கேட்பதே முறை.

கடைசியாக, நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒன்று. தானியங்கிச் சோதனைகளை ஓட்டும்போது, சோதனைக்கான தனி டேட்டாபேஸின் பெயரை ‘பிஎச்பியூனிட்.எக்ஸ்எம்எல்’ கோப்பில் கொடுத்திருப்போம். கான்ஃபிக் கேஷ் இருந்தால் அந்தப் பெயரை யாரும் கேட்கப்போவதில்லை. நகலில் பதிந்திருக்கும் உண்மையான டேட்டாபேஸைத்தான் சோதனைகள் பிடித்துக்கொள்ளும். சோதனை தொடங்கும்போது எல்லா அட்டவணைகளையும் நீக்கிவிட்டுப் புதிதாகக் கட்டும் ‘ரிஃப்ரெஷ்டேட்டாபேஸ்’ பயன்பாட்டில் இருந்தால், உங்கள் தரவு மொத்தமும் போய்விடும். உள்ளூர் கம்ப்யூட்டரில் கான்ஃபிக் கேஷ் போட வேண்டிய அவசியம் அநேகமாக யாருக்கும் இல்லை. போடாதீர்கள்.

சுருக்கமாக: ‘.என்வ்’ கோப்பையோ ‘கான்ஃபிக்’ அடைவையோ தொட்டு, மாற்றம் தெரியவில்லை என்றால், பார்க்க வேண்டியது கான்ஃபிக் கேஷ். ‘கேஷ்:கிளியர்’ அதன் பக்கமே போகாது.

## ரூட் கேஷ்

ரூட் என்பது ‘இந்த முகவரி வந்தால் இந்தக் கோடு ஓடட்டும்’ என்ற விதி. ‘ரூட்:கேஷ்’ கட்டளை எல்லா விதிகளையும் தொகுத்து, அதே ‘பூட்ஸ்டிராப்/கேஷ்’ அடைவில் ஒரு கோப்பாக்கும். அதன் பிறகு ‘ரூட்ஸ்’ அடைவில் நீங்கள் சேர்க்கும் புது விதி படிக்கப்படாது. பக்கம் 404 என்று வரும். நீக்கிய பக்கம் தொடர்ந்து திறப்பதும் இதனால்தான். தீர்வு ‘ரூட்:கிளியர்’, அல்லது மறுபடி ‘ரூட்:கேஷ்’. இதில் வேறு மர்மம் ஏதும் இல்லை.

## வியூ கேஷ்

மேலே சொன்ன இரண்டும் யாராவது கட்டளை கொடுத்தால்தான் உருவாகும். வியூ கேஷ் அப்படியில்லை. ஒரு பிளேடு பக்கம் முதன்முறை தேவைப்படும்போதே லாராவெல் அதை பிஎச்பியாக மாற்றி, ‘ஸ்டோரேஜ்/ஃபிரேம்வொர்க்/வியூஸ்’ அடைவில் போட்டு வைக்கும். அங்கே போய்ப் பார்த்தால் புரியாத நீளமான பெயர்களோடு கோப்புகள் கிடக்கும். ஏதாவது ஒன்றைத் திறந்து கடைசி வரிக்குப் போனால், அது எந்த டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது என்ற பாதை குறிப்பாக எழுதியிருக்கும்.

இந்தக் கேஷ் கொஞ்சம் புத்திசாலி. மூல டெம்ப்ளேட்டைக் கடைசியாக மாற்றிய நேரமும் நகல் உருவான நேரமும் ஒப்பிடப்படும். மூலம் புதியது என்றால் தானாகவே மறுபடி மாற்றிக்கொள்ளும். ஆகவே டெம்ப்ளேட்டில் ஒரு வரி திருத்திவிட்டு ‘வியூ:கிளியர்’ ஓட்டுவது பெரும்பாலும் வீண் வேலை.

தேவைப்படும் தருணங்கள் குறைவு. பழைய தேதியோடேயே ஒரு கோப்பைச் சர்வரில் ஏற்றினால் ஒப்பீடு ஏமாந்துபோகும். பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடும்போதும், கோப்பின் தேதியை மாற்றாமல் நகலெடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தும்போதும் இது நடக்கும். இன்னொன்று, பிளேடுக்கு நீங்களே ஒரு புதுக் குறியீட்டை எழுதிச் சேர்த்து, பிறகு அதன் வேலையை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டுகளின் தேதி மாறியிருக்காது. எனவே பழைய மாற்றமே தொடரும். இந்த இரண்டுக்கும் ‘வியூ:கிளியர்’தான் வழி.

## அப்ளிகேஷன் கேஷ்: ‘கேஷ்:கிளியர்’ துடைக்கும் பலகை

இதுவரை பார்த்தவை லாராவெல் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட நகல்கள். இப்போது வருவது நீங்கள், அதாவது நிரல் எழுதியவர், வேண்டுமென்றே வைத்தது. முகப்பில் காட்ட ‘அதிகம் விற்ற 10 பொருட்கள்’ பட்டியல் வேண்டும், அதற்கு டேட்டாபேஸில் கனமான கேள்வி ஒன்று ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓட்டாமல், ‘ரிமெம்பர்’ என்ற ஃபங்ஷனிடம் ஒரு பெயரும், எத்தனை நேரம் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கும், விடை கண்டுபிடிக்கும் வழியும் கொடுத்துவிடலாம். பெயரில் நகல் இருந்தால் அதைத் தரும். இல்லையென்றால் விடையைக் கண்டுபிடித்து, எழுதி வைத்துவிட்டுத் தரும்.

அந்த நேரக் கணக்கு வினாடியில். 2019-இல் வந்த 5.8 பதிப்புக்கு முன்பு அது நிமிடத்தில் இருந்தது. பழைய கோடைப் புதுப் பதிப்புக்குக் கொண்டுவரும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், 60 நிமிடம் இருக்க வேண்டிய நகல் 60 வினாடியில் செத்துவிடும். தளம் உடையாது, மெதுவாகும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

நகல்கள் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கோப்புகளாக இருக்கலாம், டேட்டாபேஸ் அட்டவணையாக இருக்கலாம், ரெடிஸ் அல்லது மெம்கேஷ்டு போன்ற நினைவகச் சேமிப்பாக இருக்கலாம். நெடுங்காலம் கோப்புதான் இயல்பிருப்பு. 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸ். கோப்பு முறையில் ஒன்றைத் திறந்து பார்த்தால் முதல் பத்து இலக்கங்கள் காலாவதியாகும் நேரம், அதன் பிறகு மதிப்பு. காலம் முடிந்த கோப்பு தானாக மறையாது. அதே பெயரை யாராவது மறுபடி கேட்கும்போதுதான் நீக்கப்படும். கேட்க ஆளில்லாத கோப்புகள் அங்கேயே குவியும். ஹோஸ்டிங்கில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் இந்த அடைவையும் ஒரு பார்வை பாருங்கள்.

‘கேஷ்:கிளியர்’ துடைப்பது இந்தப் பலகையைத்தான். துடைப்பது என்றால் மொத்தமாக. பலரும் எதிர்பார்க்காத இடம் இதுதான். ஒரே ரெடிஸை இரண்டு தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி முன்னொட்டு கொடுத்திருக்கிறோம், எனவே ஒன்றை அழித்தால் மற்றது தப்பிக்கும் என்று நினைப்போம். தப்பிக்காது. லாராவெல் முன்னொட்டைப் பார்ப்பதில்லை, அந்த ரெடிஸ் டேட்டாபேஸில் இருக்கும் அனைத்தையும் காலி செய்கிறது. பயனர்கள் உள்நுழைந்திருக்கும் விவரத்தை, அதாவது செஷனை, அதே டேட்டாபேஸ் எண்ணில் (ரெடிஸுக்குள் இருக்கும் பகுதிகளுக்குப் பெயருக்குப் பதில் எண்தான்) வைத்திருந்தால், ஒரே நொடியில் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். பின்னணி வேலைகளின் வரிசையும் அங்கேயே இருந்தால் அனுப்பாத மின்னஞ்சல்கள் அனுப்பாமலேயே மறையும். லாராவெலின் இயல்பு அமைப்பு கேஷுக்குத் தனி எண் ஒதுக்குகிறது. அதை யாராவது ஒன்றாக்கிவிட்டார்களா என்பதை லைவ் சர்வரில் இந்தக் கட்டளையைத் தட்டும் முன் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விளைவு, நெரிசல். பலகை காலியான அந்த நொடியில் நூறு பேர் முகப்பைத் திறந்தால், நூறு கோரிக்கைகளுக்கும் நகல் இல்லை. கனமான அந்தக் கேள்வி நூறு முறை டேட்டாபேஸில் போய் விழும். கூட்டமான நேரத்தில் கேஷ் கிளியர் செய்தபிறகு தளம் திணறுவது இதனால்தான்.

ஒரே ஒரு பொருளின் விலை மாறியதற்காக முழுப் பலகையையும் துடைப்பானேன்? அந்தப் பெயரை மட்டும் அழிக்க ‘கேஷ்:ஃபர்கெட்’ இருக்கிறது. அதைவிட நல்லது, விலையைச் சேமிக்கும் கோடிலேயே அந்த நகலை அழிக்கும் வரியையும் சேர்த்துவிடுவது. “விலை மாத்தினா உடனே தெரியல” என்று வாடிக்கையாளர் அடிக்கடி போன் செய்கிறார் என்றால், அங்கே குறை நிரலில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கையால் கிளியர் செய்வதில் அது தீராது.

இதுவரை: கான்ஃபிக், ரூட், வியூ மூன்றும் லாராவெல் எழுதிய கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை. அப்ளிகேஷன் கேஷ் நாம் வைத்த தரவு, அதற்குத்தான் ‘கேஷ்:கிளியர்’. இனி வருபவை லாராவெலின் கோப்புகளுக்கு வெளியே இருப்பவை.

## பிஎச்பியே வைத்திருக்கும் நகல்

நாம் எழுதிய பிஎச்பி கோடை, ஓடுவதற்கு முன் பிஎச்பி தனக்குப் புரியும் இடைநிலை வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வடிவத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பகுதிக்கு ஓபிகேஷ் என்று பெயர். 2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதல் கூடவே வருகிறது. சாதாரணமாக இரண்டு வினாடிக்கு ஒரு முறை கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும், அதனால் பிரச்சினை தெரியாது. வேகத்துக்காகச் சில லைவ் சர்வர்களில் அந்தச் சோதனையை அணைத்து வைத்திருப்பார்கள். அங்கே புதுக் கோடை ஏற்றினாலும் பழைய கோடுதான் ஓடும்.

இங்கே ஆர்ட்டிசன் கட்டளைகளை எத்தனை ஓட்டினாலும் பயனில்லை. ஆர்ட்டிசன் என்பது லாராவெலின் கட்டளை வரிக் கருவி. அது ஓடும் பிஎச்பி வேறு, தளத்துக்குப் பக்கம் கொடுக்கும் பிஎச்பி வேறு. இரண்டின் நினைவகமும் தனித்தனி. கட்டளை வரியிலிருந்து ஓபிகேஷை அழித்தால் அழிவது கட்டளை வரியுடையது மட்டும். தளத்துக்கான பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் என்ற சேவையை ரீலோட் செய்வதுதான் சுத்தமான வழி. “சர்வரை ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு” என்ற கதைகளில் பாதிக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

## சட்டைப்பைச் சீட்டு வைத்திருக்கும் ஓர்க்கர்

மின்னஞ்சல் அனுப்புவது, பெரிய அறிக்கை தயாரிப்பது போன்ற வேலைகளைப் பயனரைக் காக்க வைக்காமல் பின்னணியில் செய்யும் நிரலுக்கு ஓர்க்கர் என்று பெயர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மறந்துபோகும் பிஎச்பியின் குணம் இதற்குப் பொருந்தாது. ஓர்க்கர் ஒரு முறை தொடங்கினால் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், தொடங்கியபோது படித்த கோடையே நினைவில் வைத்திருக்கும். மின்னஞ்சலின் தலைப்பு வரியை நீங்கள் கோப்பில் மாற்றினால் அதற்கு எப்படித் தெரியும்?

‘கியூ:ரீஸ்டார்ட்’ ஓட்டினால், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு ஓர்க்கர் வெளியேறும். சூப்பர்வைசர் போன்ற கண்காணிப்பு நிரல் அதை மறுபடி எழுப்பும், புதுக் கோடு ஏறும். வேடிக்கை என்னவென்றால், ‘வெளியேறு’ என்ற அந்தச் செய்தி போய்ச் சேருவதே அப்ளிகேஷன் கேஷ் வழியாகத்தான். ஓர்க்கர் ஒரு சர்வரிலும் தளம் இன்னொரு சர்வரிலும் இருந்து, இரண்டும் தங்கள் தங்கள் கோப்புகளில் கேஷ் வைத்திருந்தால், இங்கே சொன்னது அங்கே கேட்காது.

## பயனரின் பிரவுசர்

சர்வரில் எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் பழைய நிறம், பழைய பட்டன் தெரிகிறது என்றால் அது அவருடைய பிரவுசரில் இருக்கும் நகல். சர்வருக்கும் பயனருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் அதிலும் ஒரு நகல் இருக்கும். ஆர்ட்டிசனுக்கு இந்த இரண்டின் மீதும் அதிகாரமில்லை. லாராவெலோடு வரும் வீட் என்ற கருவி, ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரிலேயே உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் ஓர் எழுத்துத் தொடரைச் சேர்த்துவிடும். உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும், பிரவுசர் புதுக் கோப்பையே கேட்கும். பப்ளிக் அடைவில் கையால் போட்டு வைத்த கோப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

## ஒரே அடியாக எல்லாம்

‘ஆப்டிமைஸ்:கிளியர்’ என்றொரு கட்டளை இருக்கிறது. கான்ஃபிக், ரூட், வியூ முதலியவற்றை ஒன்றாக அழிக்கும். உள்ளூரில் தாராளமாக ஓட்டலாம். லைவ் சர்வரில் யோசியுங்கள், ஏனென்றால் அது ‘கேஷ்:கிளியர்’ வேலையையும் சேர்த்தே செய்கிறது. மேலே சொன்ன நெரிசல், வெளியே தள்ளப்படும் பயனர்கள், எல்லாம் இதற்கும் பொருந்தும். புதுப் பதிப்பை ஏற்றிய பிறகு லைவ் சர்வரில் வேண்டியது பெரும்பாலும் (கான்ஃபிக், ரூட், வியூ நகல்களைப் புதிதாக எழுதும்) ‘ஆப்டிமைஸ்’, ‘கியூ:ரீஸ்டார்ட்’, பிஎச்பி-எஃப்பிஎம் ரீலோட், இந்த மூன்றுதான்.

எந்தக் கட்டளையானாலும் ரூட் பயனராக (முகவரி விதியான ரூட் அல்ல, சர்வரில் முழு அதிகாரம் கொண்ட பயனர்) நுழைந்து ஓட்ட வேண்டாம். அப்படி ஓட்டும்போது உருவாகும் கோப்புகளுக்கு அந்தப் பயனரே உரிமையாளராகிவிடுவார். வெப் சர்வர் வேறு பயனராக ஓடுவதால் அதில் எழுத முடியாமல், கேஷ் அழித்த அடுத்த நிமிடமே ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று தளம் நிற்கும். வெப் சர்வரின் பயனராகவே ஓட்டினால் இந்தத் தலைவலி இல்லை.

## கட்டளை வரியே இல்லாத ஹோஸ்டிங்

சின்னக் கடைகள், பள்ளிகளின் தளங்கள் பெரும்பாலும் பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், பிரவுசரிலேயே சர்வரை நிர்வகிக்கும் சிபேனலோடு இருக்கும். சர்வரின் கட்டளை வரியைத் திறக்கும் எஸ்எஸ்எச் வசதி பல இடங்களில் கிடைக்காது. அங்கே கோப்பு மேலாளரைத் திறந்து கையால் நீக்கலாம். ‘பூட்ஸ்டிராப்/கேஷ்’ அடைவில் கான்ஃபிக், ரூட்ஸ் என்று தொடங்கும் பிஎச்பி கோப்புகளை நீக்கினால் அந்த இரண்டும் போயிற்று. வியூஸ் அடைவுக்குள் இருக்கும் பிஎச்பி கோப்புகளை நீக்கினால் வியூ கேஷ் போயிற்று. பழுதான கான்ஃபிக் நகலால் ஆர்ட்டிசனே எழுந்திருக்க மறுக்கும்போதும் இதுதான் வழி.

அடைவை மட்டும் நீக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பதை நீக்கினால் லாராவெல் மறுபடி எழுதிக்கொள்ளும். வியூஸ் அடைவே இல்லையென்றால் ‘சரியான கேஷ் பாதையைக் கொடு’ என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பூட்ஸ்டிராப்புக்குள் இருக்கும் கேஷ் அடைவுக்கும் இதே கதிதான்.

இணையத்தில் சுற்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. ‘கிளியர்-கேஷ்’ என்று ஒரு ரூட் எழுதி, அந்த முகவரியைத் திறந்தால் ஆர்ட்டிசன் கட்டளை ஓடும்படி செய்வது. முகவரியை ஊகித்த யார் வேண்டுமானாலும், தேடுபொறியின் ரோபோ உட்பட, உங்கள் கேஷைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம். ரூட் கேஷ் ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தப் புது ரூட்டே 404 தரும் என்பது தனிக் கூத்து. அதற்குப் பதில் குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் சிபேனலின் கிரான் பகுதிக்குப் போய், நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஒரு வேலையை அமைத்து, வேண்டிய ஆர்ட்டிசன் கட்டளையை முழுப் பாதையோடு எழுதுங்கள். ஒரு முறை ஓடியதும் அந்தக் கிரானை மறக்காமல் நீக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை அது துடைத்துக்கொண்டே இருக்கும்.